பொட்டு வைத்த டிஸ்கெட்டுகள்

“புது கம்ப்யூட்டருக்கு என்னை மேலாளாப் போடுங்க முதலாளி.”

செல்லாயி இதை உட்கார்ந்தபடியே கேட்டாள். எழுந்து நின்று கேட்டிருந்தாலாவது அடைக்கப்பன் செட்டியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்து மேசையில் ராமையா கிராணியின் டைப்ரைட்டர் பாதி வரியில் நின்றுபோனது.

அந்தக் கம்பெனியில் கேட்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவள் கேட்டுவிட்டாள். ஈப்போ லகாட் ரோட்டில் செட்டியாரின் தாத்தா வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், ஊரிலிருந்து கப்பலேறி வருகிற பையன் முதலில் பெட்டியடியில் உட்காருவான். கை தேறினால் அடுத்தாள் ஆவான். கடைசியில் மேலாள். மூன்று படியும் சொந்தத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். வட்டிக்கடை போய், சின்னச் சின்னத் தோட்டங்களின் சம்பளக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிற ஏஜென்சி வந்தது. மாடிக்குக் குளிர்சாதனம் வந்தது. கம்ப்யூட்டர்கூட வந்துவிட்டது. அந்த மூன்று சொற்கள் மட்டும் போகாமல் அப்படியே இருந்தன. ராமையா அங்கேயே தலை நரைத்தவர். அவர் இன்னமும் கிராணிதான், வெறும் குமாஸ்தா.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கீழே சீனன் கோப்பிக் கடையில் வைத்து ராமையா சொல்லியிருந்தார்: “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, தலைக்கு மேல ஃபேன் கேளு லா. மேலாள் வேல மட்டும் வாயில வரக்கூடாது.” வீட்டில் அப்பா சன்னாசியும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். தோட்டத்தில் இருந்தபோது அவருடைய அண்ணன் ஒருநாள் துரையிடம் போய்க் கங்காணி வேலை கேட்டாராம். அடுத்த மாதமே அவருக்குப் பால்மரம் வெட்ட மலைக்காட்டு நிரை. பால் வாளியோடு வழுக்கி விழுந்தே அவர் முழங்கால் போயிற்று. கேட்டதற்குக் கிடைத்தது அதுதான்.

செல்லாயிக்கு முழங்கால் திடமாக இருந்தது.

செட்டியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். “நம்ம சிவசுப்பிரமணியன் சிங்கப்பூர்ல படிச்சிட்டு வந்திருக்கானே ஆத்தா,” என்று தன்மையாகச் சொன்னார். சிவசுப்பிரமணியன் அவருடைய தங்கை மகன். வணிகவியல் டிப்ளோமா முடித்துவிட்டுத் தீபாவளிக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனுடைய நாற்காலி கிறீச்சிட்டது. கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவன் என்ன படித்தான், தான் என்ன படித்தோம் என்பதைச் செல்லாயி நேராகவே சொன்னாள். பினாங்கில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள் அவள். அவள் வீடு இருக்கும் பூந்தோங் வட்டாரத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். இந்த ஆபீசில் இப்போதிருக்கும் மெஷினில் ஓடுகிற ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரல் இறங்கவே இல்லை.

“மொதல்ல இன்னக்கி வேலயப் பாரு,” என்றார் செட்டியார். “மெஷின வாங்க உடையப்பன் நாலு மணிக்கு தெலுக் இந்தான்லேர்ந்து வந்துருவாரு. பழச நல்லாத் தொடச்சுப் புதுசாட்டம் வச்சுக் குடு. அதுக்கப்பறம் பேசுவம்.”

பேசுவம் என்று அவர் சொன்னதை அவள் ஒரு வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

விற்கப் போகிற மெஷின் ‘போர்ட்டபல்’ என்று பெயர் போட்டு வந்தது. கைப்பிடி வைத்த தையல் மெஷின் மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் எழுத்துத் திரை ஒன்று, பக்கத்தில் டிஸ்கெட் போடுகிற வாய் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு செல்லாயி கம்பெனி வேனில் தோட்டம் தோட்டமாகப் போயிருக்கிறாள். கோலா கங்சார் பக்கத்துத் தோட்ட ஆபீசில் கரண்டு இல்லாமல், ஜெனரேட்டர் ஓடுகிற ஆலைக்குள் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே வைத்து வேலை பார்த்திருக்கிறாள்.

தோட்ட ஆட்களின் சம்பளப் பதிவான செக்ரோல் கணக்குக்காக அவள் எழுதிய புரோகிராமுக்குப் ‘பெரட்டு’ என்று பெயர் வைத்தாள். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. ஆள் வந்தாரா, எந்தக் காடு, பால் எவ்வளவு, உறைந்த ஒட்டுப்பால் எவ்வளவு, பிடித்தம் என்ன என்று எல்லாம் அதில் ஏறும். முதல் சம்பள நாளில் அச்சடித்த சீட்டைக் கையில் வாங்கிய பால்வெட்டுக்கார வீரம்மா அக்கா, சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இதில் என் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். செல்லாயி விரலை வைத்துக் காட்டினாள். அந்த அம்மாள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் தோட்டத்துக் கிராணி என் பாலைத் தண்ணி என்று சொன்னால் இந்தக் கடுதாசியைக் காட்டலாமா என்று கேட்டாள். காட்டலாம் அக்கா என்றாள் செல்லாயி. பட்டமளிப்பு அன்றைக்குக்கூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

மெஷினில் இருந்த கணக்கையெல்லாம் முந்தைய நாளே அவள் டிஸ்கெட்டுகளில் எடுத்து வைத்துவிட்டாள். இனி ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, மெஷினை எழுப்புகிற டாஸ் புரோகிராமை ஏற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உடையப்பனுக்குக் கொடுக்கப் புது டிஸ்கெட் ஒரு பெட்டி வாங்கி வரலாம் என்று அவள் பழைய பசார் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது சிவசுப்பிரமணியன் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“ஷீலா, ஃபார்மட் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு வேலை மிச்சம்.”

வந்த நாளிலிருந்து அவன் அவளை ஷீலா என்றுதான் கூப்பிட்டான். செல்லாயி என்பது கிழவிப் பெயராம். நாகரிகமாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலும் தோழிகள் சொன்னார்கள். அவள் பட்டத்திலேயே செல்லாயி என்றுதான் அச்சிட வைத்தாள்.

“டாஸ் டிஸ்கெட்ட வாயில போட்டு ஆரம்பிச்சீங்களா, இல்ல மெஷின்ல இருந்ததே வச்சு அழிச்சீங்களா?”

மெஷினில் இருந்ததை வைத்துத்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒய் ஒய் என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறான். இருந்ததெல்லாம் அழிந்தது. அதோடு டாஸும் போயிற்று. நிறுத்திப் போட்டால், சிஸ்டம் டிஸ்க் போடு என்று மெஷின் ஒரு வரியில் கெஞ்சியது. அதுவொன்றும் பெரிய விஷயமில்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. இரும்புப் பெட்டியில் இருந்த மூல டிஸ்கெட்டுகளை அம்மான் செட்டியாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். முதலாவதைப் போட்டான். உள்ளே மண்ணை அரைக்கிற மாதிரி சத்தம் கேட்டது. எழுத்து வரவில்லை. இரண்டாவதைப் போட்டான். அதே சத்தம்தான்.

செல்லாயி டிஸ்கெட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கறுப்பு உறையின் நடுவே, உள்ளே சுழலும் தகட்டைப் படிப்பதற்காகத் திறந்து விட்டிருக்கும் நீள்வட்ட இடத்தில், காய்ந்த சந்தனத்தில் அழகாக ஒரு பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம். திருப்பினாள். பின்பக்கமும் விடவில்லை.

ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அன்று செட்டியாரின் வீட்டம்மா நாச்சியம்மை ஆச்சி ஆபீசுக்கு வந்து, இரும்புப் பெட்டி, டைப்ரைட்டர், பஞ்ச் மெஷின், வேன் ஸ்டியரிங் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தார்கள். இரும்புப் பெட்டிக்குள் இருப்பதுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று டாஸ் டிஸ்கெட்டுகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருக்கிறார்கள். உறை முழுக்கக் கறுப்பு. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட மாதிரி நடுவில் அந்த ஒரு இடம். ஆச்சிமேல் தப்பே இல்லை. டிஸ்கெட்டைப் பிரதி எடுத்து ஒன்றைத் தன்னிடம் கொடுக்கும்படி செல்லாயி கேட்டபோது, பிரதி எடுப்பது திருட்டு என்று சொல்லிப் பெட்டியில் பூட்டியவர் செட்டியார்தான்.

சிவசுப்பிரமணியனின் முகம் வேர்த்தது. கடையில் வேறு டாஸ் வாங்கி வரட்டுமா என்றான். உதவாது என்று அவள் தலையாட்டினாள். இந்த மெஷினுக்கென்று தனியாக வந்த டாஸ் இது. வேறு ஒன்றைப் போட்டால் ஹார்ட் டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது. விற்ற கோலாலம்பூர்க் கடைக்காரன் கடையை மூடிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

“அம்மான்கிட்டச் சொல்லிடாதீங்க,” என்றான் மெதுவாக.

“அவர் கேட்டா சொல்வேன். கேக்காட்டி நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். எந்திரிங்க.”

அவன் எழுந்துகொண்டான்.

முதலில் அவள் டிஸ்கெட் வாயைப் பார்த்தாள். சந்தனம் ஒட்டிய டிஸ்கெட்டை இரண்டு தடவை உள்ளே சுழல விட்டதில், படிக்கிற முனையிலும் மஞ்சள் தூள் பிடித்திருந்தது. மெஷினின் மூடியைத் திருப்புளியால் கழற்றினாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, காது குடைகிற குச்சியில் சுற்றி, முனையை அழுத்தாமல் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாக வெளியே வருகிற வரைக்கும் துடைத்தாள்.

பிறகு சவரப் பிளேடை எடுத்தாள். மெஷினை எழுப்ப முதல் டிஸ்கெட் ஒன்றே போதும்; அதன் உறையின் மேல் விளிம்பைப் பிளேடால் கீறியபோது ராமையா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பூஜையில் வைத்த பொட்டம்மா அது, அதைப் போய் அறுப்பதா என்று தடுக்க வந்தார்.

“படிக்கிற எடத்த மறைச்சு வச்சா சரஸ்வதிக்குத்தான் கோபம் வரும் அண்ணே,” என்றாள் செல்லாயி. “ஃபிளாஸ்க்ல ஆறின தண்ணி இருக்கா பாருங்க.”

உறைக்குள்ளிருந்து தகடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பழுப்பு நிறத்தில், பழைய பிலிம் சுருள் மாதிரி மெல்லிசாக, நடுவில் ஓட்டையோடு. எந்தப் பக்கம் மேலே என்று விளிம்பில் பென்சிலால் துளி அடையாளம் வைத்தாள். விரல் படாமல் ஓட்டையில் பிடித்துக்கொண்டு, கை கழுவும் தொட்டியில் காய்ச்சி ஆறிய தண்ணீரை அதன்மேல் விட்டாள். குங்குமம் முதலில் கரைந்து சிவப்பாக ஓடியது. சந்தனம் பிடிவாதமாக இருந்தது. தேய்த்தால் கோடு விழும், கோடு விழுந்தால் ஹபிஸ், எல்லாம் தீர்ந்தது. ஒரு சொட்டுச் சோப்பை விட்டு ஊற வைத்தாள். பிறகு தண்ணீர். மறுபடி தண்ணீர். பொறுமை என்பது தனக்கு இல்லாத குணம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அந்தத் தொட்டியடியில் அவள் நின்ற நிலையை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தப் பாடத்திலும் வரவில்லை. தகட்டில் இருப்பது காந்தத் தூள், தண்ணீருக்குக் காந்தத்தோடு சண்டை கிடையாது என்று அவளாகவே யோசித்தாள். யோசித்ததை நம்பினாள். படித்தது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் வேறு பதில் இல்லை.

ஃபேன் காற்றில் தகடு காய்ந்தது. பெட்டியிலிருந்து புது டிஸ்கெட் ஒன்றை எடுத்து, அதன் உறையைக் கீறி, அதிலிருந்த தகட்டை உருவிப் போட்டுவிட்டு, கழுவிய தகட்டை அதற்குள் நுழைத்தாள். வாயில் போட்டாள். சிவசுப்பிரமணியன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராமையா கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. திரையில் தேதி கேட்டது.

மெஷின் தேதி கேட்டதற்கு யாராவது அழுவார்களா என்று தெரியாது. ராமையா மூக்கை உறிஞ்சினார். செல்லாயி தேதியைத் தட்டினாள். முதல் வேலையாக, திருட்டு என்று சொல்லப்பட்ட அந்தப் பிரதியை எடுத்தாள். ஒன்றில்லை, இரண்டு. பிறகு ஹார்ட் டிஸ்க்கில் டாஸை ஏற்றினாள். டிஸ்கெட்டை எடுத்துவிட்டு மெஷினை நிறுத்திப் போட்டாள். அது யாரையும் கெஞ்சாமல் தானாகவே எழுந்து நின்றது.

“அப்ப முடிஞ்சிருச்சு,” என்றான் சிவசுப்பிரமணியன்.

“முடியல. இன்னும் அழிக்கணும்.”

அதுதான் காலியாக இருக்கிறதே என்றான் அவன். செல்லாயி அவனை உட்கார வைத்துச் சொன்னாள். ஃபார்மட் போட்டால் எதுவும் அழிவதில்லை.

“தோட்டத்து லயத்துல வீட்டு நம்பரத்தான் நீங்க கழட்டியிருக்கீங்க. ஆளுங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க. தெரிஞ்சவன் கதவத் தட்டினா வெளிய வந்துருவாங்க.”

உள்ளே இருந்தவர்களை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு ஆளுக்கும் பிடித்தம் என்ன என்று அவள்தான் ஏற்றினாள். யூனியனுக்குச் சந்தா கட்டுகிறவர் யார், லேபர் ஆபீசில் புகார் கொடுத்தவர் யார் என்று எல்லாம் அதில் உண்டு. இன்னொரு தோட்டக்காரன் கைக்கு அது போனால், அடுத்த பெரட்டில் யாருக்கு வேலை இல்லை என்று தீர்மானிப்பது அவனுக்குச் சுலபமாகிவிடும். உடையப்பன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு இந்த மெஷினை வாங்குகிறவன்?

அவள் நாலே வரியில் ஒரு புரோகிராம் எழுதினாள். டிஸ்க்கில் இடம் தீர்கிறவரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுது என்று அர்த்தம். என்ன வாக்கியம் என்று யோசித்து அவள் கை அரை நிமிஷம் நின்றது. பூஜ்யம் போடலாம். நட்சத்திரம் போடலாம். அவள் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் தட்டினாள்: செல்லாயி, சன்னாசி மகள்.

ஓட விட்டாள்.

மதியச் சோற்றுக்கு அவள் போகவில்லை. மெஷின் முனகிக்கொண்டே எழுதியது. சம்பளமும் சந்தாவும் புகாரும் இருந்த இடத்திலெல்லாம் அவள் பெயர் போய் உட்கார்ந்தது. கிழவிப் பெயர். பிறப்புப் பதிவில் தோட்டத்து ஆயா தமிழில் சொல்ல, மலாய்க்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே அவள் நிதானமாக யோசித்தாள். பெரட்டின் டிஸ்கெட்டுகள் கம்பெனிச் சொத்து. இருக்கட்டும். அதிலிருந்த ஒவ்வொரு வரியும் அவள் தலையில் இருந்தது. அதில் எங்கெங்கே ஓட்டை உடைசல் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறுபடி எழுதினால் இதைவிட நன்றாக எழுதுவாள். சின்னத் தோட்டங்கள் பேராக் மாநிலத்தில் எத்தனையோ. மெஷின் எங்கேயிருந்து வரும் என்று தெரியவில்லை. தெரியாதது அது ஒன்றுதான்.

இடம் தீர்ந்தது என்று திரை சொன்னபோது இங்கே மேலாள் இல்லையென்றால் தனியாகத்தான் என்று அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்தக் கோப்பை நீக்கினாள். டிஸ்க் காலி. அடியில் கிண்டினால் ஒரு பெயர்தான் வரும்.

உடையப்பன் சொன்னபடி வந்தார். பருத்த ஆள், சட்டைப் பையில் நாலு பேனா. ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிற கண்டிராக்டர். மெஷினைச் சுற்றி வந்து மாடு பார்க்கிற மாதிரி பார்த்தார். உள்ளே பழையது ஒன்றும் இல்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“போன வருஷம் பழைய லோரி வாங்கினேன் செட்டியாரே. முன்னால வச்சிருந்தவன் சம்மன் எல்லாம் எனக்கு வந்துச்சுலா. போலீஸ்காரன் என்னய அந்த ஆளு பேரச் சொல்லியே கூப்புடுறான்.”

செட்டியார் சிரித்தார். அந்தப் பயமே வேண்டாம் என்று சிவசுப்பிரமணியனின் தோளில் கையைப் போட்டார். “நம்ம தம்பி கையால தொடச்சது. சிங்கப்பூர்ப் படிப்பு. இனிமே இங்க கம்ப்யூட்டருக்கு இவந்தான் மேலாள்.”

ராமையா தன் டைப்ரைட்டர்மேல் குனிந்தார். அந்த இடத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வந்தவர் முன்னால் முதலாளி சொன்னதைத் திருத்துகிற வழக்கம் அந்த ஆபீசில் கிடையாது.

“தம்பி கையால இல்ல முதலாளி,” என்றாள் செல்லாயி. “டாஸோட சேத்து அழிச்சது அவரு. திரும்ப எந்திரிக்க வச்சது நான். துப்புரவாத் தொடச்சதும் நான்.”

உடையப்பன் அவளைப் பார்த்தார், செட்டியாரைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே மெஷினின் கைப்பிடியைப் பார்க்க ஆரம்பித்தார். செட்டியார் மருமகனைப் பார்த்தார். பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

“ஆமா அம்மான். செல்லாயிதான்.”

அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காக அவள் அவனைக் கொஞ்சம் மன்னித்தாள்.

உடையப்பனை வேன் வரைக்கும் வழியனுப்பிவிட்டுச் செட்டியார் மேலே ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டார். தொட்டியடியில் கிடந்த கீறின உறைகளையும் பார்த்திருந்தார். என்ன நடந்தது என்று ராமையாவிடம் கேட்டார். ராமையா ஒன்றையும் விடாமல் சொன்னார், பொட்டுக் கரைந்ததையும் சேர்த்து. சொல்லும்போது அந்த மனிதரின் குரலில், தானே கழுவின மாதிரி ஒரு மிடுக்கு ஏறியிருந்தது.

“ஆத்தா,” என்றார் செட்டியார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெளியாளுக்கு இது குடுத்ததில்ல. பொம்பளப் பிள்ளைக்கிக் குடுத்ததே இல்ல. நாளைலேர்ந்து நீ இங்க அடுத்தாள். சிவசுப்பிரமணியனுக்குக் கூட இருந்து எல்லாம் காட்டிக் குடு. ஒரு மூணு வருஷம் போகட்டும், பெறகு பாப்பம்.”

அவர் மனதார்த்தான் சொன்னார். அவர் கணக்கில் அது பெரிய தூரம்; அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்ததே இல்லை. அது செல்லாயிக்கும் தெரிந்தது. ராமையாவின் கண்கள், வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று அவளிடம் கெஞ்சின. அந்த மனிதர் இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்து கிடைக்காதது அது.

“நான் மேலாள் கேட்டேன் முதலாளி.”

“எடுத்த எடுப்புல அது ஆகுமா?”

“எடுத்த எடுப்புல அவருக்கு ஆச்சே.”

சிவசுப்பிரமணியன் தன் செருப்பைப் பார்த்தான்.

“டாஸ் பிரதி ரெண்டும் மேசமேல இருக்கு. பெரட்டு டிஸ்கெட் எல்லாம் டிராயர்ல. எந்தத் தோட்டம் எதுலன்னு மேலயே ஒட்டியிருக்கேன்,” என்றாள் செல்லாயி. “நாளைக்கி வர மாட்டேன்.”

கோபத்தில் சொல்கிறாள், நாளைக் காலையில் சரியாகிவிடும் என்று செட்டியார் ராமையாவிடம் சொல்லத் தொடங்கினார். கோபம் இருந்தது, இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். ஆனால் முடிவு கோபத்துக்கு முன்னாலேயே எடுத்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராமையாவிடம் மட்டும் “வாரேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு, மரப்படிகளில் சத்தம் கேட்க இறங்கினாள். கீழே அஞ்சடி நடைபாதையில் கோப்பிக் கடைக்காரன் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பூந்தோங் பஸ் எதிர்ப் பக்கம் வந்து நின்றது. அவள் ஓடவில்லை. கையைக் காட்டி அதை நிறுத்தி வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்தாள்.